பெற்றோர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது: சிறார் வதை வழக்குகளும் மேல்முறையீடும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெற்ற பிள்ளையைத் துன்புறுத்தினார் என்று தாயையோ தந்தையையோ நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்க்கும்போது மக்கள் மனத்தில் இருவகை எண்ணங்கள் எழுவதுண்டு. 'பெற்றவர் அப்படிச் செய்வாரா?' என்பது ஒன்று. 'அப்படிச் செய்தவருக்கு மேல்முறையீடு ஒரு கேடா?' என்பது மற்றொன்று. முன்னது பெற்றோர் என்னும் நிலைக்கு நம் சமுதாயம் தரும் மதிப்பிலிருந்து பிறப்பது. பின்னது குழந்தையின்மீது கொண்ட பரிவிலிருந்து பிறப்பது. இரண்டும் இயல்பானவையே. எனினும் இரண்டும் சான்றுகளைக் காணுமுன்பே முடிவைக் கண்டுவிடுகின்றன.

இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையில் சட்டம் எவ்வாறு வழி கண்டது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் தண்டனைச் சட்டங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆதலின் ஒரு நாட்டின் தீர்ப்பு மற்றொரு நாட்டின் வழக்கிற்கு விளக்கமாக அமைவதைக் காண்கிறோம். தஞ்சோங் மாலிமில் ஆசிரியப் பயிற்சி 1922இல் தொடங்கியது. சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி என்று அன்று தோன்றிய நிறுவனம் 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று தமிழாசிரியர்களும் அங்கே உருவாகின்றனர். இத்தகைய வழக்குகளில் குழந்தையின் உடலிலுள்ள காயத்தை வீட்டிற்கு வெளியே முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியர் என்பதால், இப்பொருள் வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நமக்கும் உரியது என்று கருதுகிறோம்.

இக்கட்டுரையில் குழந்தைகளின் பெயர்களைத் தவிர்த்துள்ளோம். வழக்கில் தொடர்புற்ற சிறாரின் அடையாளத்தைச் செய்தி ஊடகங்கள் வெளியிடுவதை மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தன் 15ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. ஆய்வெழுத்திற்கும் அது நல்ல நெறியே.

தண்டனைச் சட்டத்தில் பெற்றோரின் இடம்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கல்கத்தாவில் உருவாக்கிய வரைவு, பல திருத்தங்களுக்குப்பின் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை அடியொற்றி நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1936இல் தொகுக்கப்பட்ட சட்டமே இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் மூலம். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதா அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய பிரிவு எண்களே தொடர்கின்றன.

இச்சட்டத்தில் பெற்றோர் இரண்டு இடங்களில் தனித்துக் குறிக்கப்படுகின்றனர். 317ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச்செல்லும் தந்தையையும் தாயையும் பொறுப்பாளரையும் தண்டிக்கிறது. 89ஆம் பிரிவு இதற்கு மாறாகக் காப்பு அளிக்கிறது. பன்னிரண்டு வயதிற்குட்பட்டவரின் நன்மைக்காக, பொறுப்பாளர் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலோ அவர் இசைவுடன் பிறர் செய்யும் செயலோ குற்றமாகாது என்பது அதன் கருத்து. சட்டம் இயற்றியவர்கள் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு, பிள்ளைக்கு அறுவை மருத்துவம் செய்யத் தந்தை இசைவதைப் பற்றியது. பிற்காலத்தில் பெற்றோரின் கண்டிப்பிற்கும் ஆசிரியரின் பிரம்பிற்கும் இதே பிரிவு அரணாகக் காட்டப்பட்டது. ஆயினும் உயிரைப் போக்கும் நோக்கத்திற்கோ கொடுங்காயம் விளைவிப்பதற்கோ இக்காப்பு நீளாது என்று அப்பிரிவே வரம்பு கட்டியுள்ளது.

இந்த வரம்பு எங்கே முடிகிறது என்னும் வினா, இந்தியச் சட்டம் நிறைவேறிய அதே 1860இல் இங்கிலாந்தில் எழுந்தது. ஈஸ்ட்போர்னில் பள்ளி நடத்திய தாமஸ் ஹாப்ளி என்பவர், கற்றலில் பின்தங்கிய ஒரு மாணவனைக் கடுமையாக அடிக்கத் தந்தையிடம் கடிதம் வழியே இசைவு பெற்றார். அன்றிரவு விழுந்த அடியில் மாணவன் இறந்தான். தந்தையின் இசைவு இருந்தும் நீதிமன்றம் ஆசிரியரைக் குற்றவாளி எனக் கண்டு நான்காண்டுக் கடுஞ்சிறை விதித்தது. பெற்றோரின் தண்டிக்கும் உரிமை அளவானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும், அவர் ஆசிரியர்க்கு ஒப்படைக்கும் உரிமையும் அதைக் கடக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தமக்கே இல்லாத உரிமையைப் பெற்றோர் பிறர்க்குத் தர இயலாது என்பதை இங்கே நாம் உணர்தல் வேண்டும்.

'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்னும் பழமொழி நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நெடுங்காலம் வழங்கியது. அளவு எது என்பதை அப்பழமொழி சொல்வதில்லை. நாடுகளும் இதில் ஒருமித்திருக்கவில்லை. ஸ்வீடன் 1979இலேயே பெற்றோர் அடிப்பதைச் சட்டத்தால் விலக்கியது. அங்குப் பணியாற்றிய மலேசிய அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் தம் பிள்ளைகளை அடித்தமைக்காக 2014 மார்ச்சில் முறையே 10 மாதமும் 14 மாதமும் சிறைத்தண்டனை பெற்றபோது, மலேசியாவில் எழுந்த வாதங்கள் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தின. வளர்ப்பு முறை என்று ஒருவர் கருதியதை மற்றொரு நாட்டின் சட்டம் குற்றம் என்றது.

தோட்டச் சூழலும் பள்ளியின் கண்ணும்

மலாயாத் தமிழர் வாழ்வில் இவ்வினாவை வைத்துப் பார்ப்போம். இரப்பர்த் தோட்டத்தில் அதிகாரம் படிப்படியாக இறங்கியது. துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி அல்லது தண்டல், அவருக்குக் கீழே பால்மரத் தொழிலாளி. தொழிலாளி தன் அதிகாரத்தைச் செலுத்தக்கூடிய ஒரே இடம் லயத்தில் இருந்த தன் வீடு. விடியுமுன் மரம் சீவச் செல்லும் பெற்றோர், தம்பி தங்கையைக் காக்கும் மூத்த பிள்ளை, மாலையில் கள்ளுக்கடை ஆகியவை சேர்ந்த அவ்வாழ்க்கையில் பிள்ளையின் துன்பம் வெளியுலகிற்கு எட்டுவது அரிது. லயத்தின் பலகைச் சுவர் எதையும் மறைக்கவில்லை. அடுத்த வீட்டார்க்கு எல்லாம் கேட்டது. ஆனால் 'அது அவர் வீட்டுப் பாடு' என்னும் எண்ணம் அச்சுவரினும் தடிப்பாக இருந்தது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று நிருவாகத்தைப் பணித்தது. அப்பள்ளிகளின் தரக்குறைவைப் பற்றி நம் ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அப்பள்ளிக்கு வேறொரு பயனும் இருந்தது. குடும்பத்தைச் சேராத ஒருவர் நாள்தோறும் பிள்ளையை நேரில் காணும் இடம் அதுவாகவே இருந்தது. அவ்வாசிரியரும் பெரும்பாலும் அதே தோட்ட நிருவாகத்தின் ஊதியத்தில் வாழ்ந்தவர் என்பதையும் மறத்தல் கூடாது. கண்டதைச் சொல்வதற்கு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சொல்வதற்குரிய அலுவலகமும் அண்மையில் இல்லை.

1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் எண்ணெய்ப்பனைக் காடுகளாகவும் மாறியபோது குடும்பங்கள் பல நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயத்தின் கேட்கும் செவிகள் அங்கில்லை. ஆகவே ஆசிரியரின் கண்ணுக்கு இருந்த பொறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

மருத்துவம் காட்டிய வழி, சட்டம் வகுத்த நெறி

பெற்றோரே வதைத்திருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகமும் எளிதில் ஏற்கவில்லை. 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, வெவ்வேறு காலங்களில் ஏற்பட்ட எலும்பு முறிவுகளும் பெற்றோர் கூறும் காரணத்தோடு பொருந்தாத காயங்களும் ஒருங்கே காணப்படும் நிலைக்கு 'வதைபட்ட குழந்தை நோய்க்குறி' என்று பெயரிட்டது. அதன்பின் எக்ஸ்-கதிர்ப் படம் நீதிமன்றச் சான்றாயிற்று. பேச இயலாத குழந்தைக்காக அதன் எலும்பு பேசத் தொடங்கியது எனலாம்.

மலேசியாவில் கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985இல் சிறார் வதையையும் புறக்கணிப்பையும் ஆராயும் தனிக்குழு அமைந்தது. குழந்தை மருத்துவர், சமூகநல அலுவலர், காவலர் ஆகியோர் ஒன்றுகூடிச் செயற்பட அது வழி வகுத்தது. 1990இல் 26 மாதமே நிரம்பிய ஓர் இந்தியக் குழந்தை வதையுற்று இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையின் இறப்பு நாட்டின் பிள்ளைகள் அனைவர்க்குமான சட்டம் பிறக்கத் தூண்டுகோலாயிற்று என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தியாகும். நம் வரலாற்று நூல்கள் தோட்டப் போராட்டங்களுக்கும் தலைவர்களுக்கும் தந்த இடத்தை இக்குழந்தைக்குத் தரவில்லை.

1995இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. 1947ஆம் ஆண்டு இளையோர் நீதிமன்றச் சட்டம், 1973ஆம் ஆண்டுப் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம், 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து 2001இல் சிறார் சட்டம் இயற்றப்பட்டு 2002 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 31ஆம் பிரிவே பெற்றோர் பலர் குற்றஞ்சாட்டப்படும் பிரிவு. தம் பொறுப்பிலுள்ள சிறாரை, உடலுக்கோ உள்ளத்திற்கோ ஊறு நேரக்கூடிய முறையில் வதைப்பதும் புறக்கணிப்பதும் கைவிடுவதும் குற்றம் என்கிறது அது. தொடக்கத்தில் உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை, 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 20 ஆண்டு, 50,000 ரிங்கிட் என உயர்த்தியது.

இப்பிரிவில் 'நேரக்கூடிய' என்னும் சொல் கருதத்தக்கது. தண்டனைச் சட்டம் நேர்ந்துவிட்ட காயத்தை அளந்து குற்றத்திற்குப் பெயரிட்டது. சிறார் சட்டமோ காயம் நேரக்கூடிய நடத்தையையே குற்றமாக்கியது. பிள்ளை சாகும்வரை காத்திராமல் தலையிடும் உரிமையை அரசு பெற்றது இம்மாற்றத்தால்தான்.

மேல்முறையீடு என்னும் அமைப்பு

31ஆம் பிரிவின்கீழ் வரும் வழக்கு பொதுவாகச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். பேரா மாநிலத்தில் அங்கிருந்து ஈப்போ உயர்நீதிமன்றத்திற்கும், பின்னர் புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கும் அது செல்லலாம். கீழ்நிலை நீதிமன்றத்தில் தொடங்கிய குற்றவழக்கின் பயணம் அவ்விடத்தோடு முடியும். கொலைக் குற்றச்சாட்டாயின் உயர்நீதிமன்றத்தில் தொடங்கிக் கூட்டரசு நீதிமன்றம் வரை செல்லும். 1978க்கு முன் குற்றவழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை செல்ல வாய்ப்பிருந்தது. இன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994இல் தோன்றியது. தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வது விதி.

மேல்முறையீடு மீண்டும் ஒரு விசாரணையன்று. மேல் நீதிமன்றம் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை, பதிவேட்டையே படிக்கிறது. ஆகவே சாட்சியை நேரில் கண்ட நீதிபதியின் மதிப்பீட்டிற்கு மதிப்பளிக்கிறது. சட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தாலோ, சான்றுகள் தீர்ப்பைத் தாங்கவில்லையென்றாலோ, தண்டனை வெளிப்படையாக மிகுந்தோ குறைந்தோ இருந்தாலோ தலையிடுகிறது. 'குறைந்தோ' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்முறையீடு குற்றவாளிக்கு மட்டும் உரிய வாயில் என்று எண்ணுவோர் பலர். அரசுத் தரப்பும் அதே வாயிலில் நுழையலாம்.

இவ்வழக்குகளில் சான்று கிடைப்பதே அரிது. குற்றம் வீட்டிற்குள் நடக்கிறது. கண்டவர் மற்றொரு பெற்றோர் அல்லது மற்றொரு குழந்தை. ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை அடியொற்றியது மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் மனைவியிடமோ மனைவி கணவனிடமோ கூறியதை நீதிமன்றத்தில் வெளியிட அதன் 122ஆம் பிரிவு தடை விதித்தது. ஒருவர் மற்றவர்க்கு எதிராகச் செய்த குற்றத்திற்கு விலக்குத் தந்த அப்பிரிவு, இருவரின் குழந்தைக்கு எதிரான குற்றத்தை அவ்விலக்கில் சேர்க்கவில்லை. கண்ணால் கண்ட செயலைச் சொல்லத் தடையில்லை என்று இந்திய உச்சநீதிமன்றம் 1954இல் ராம் பரோசே வழக்கில் விளக்கியது. எனினும் 1872இல் சட்டம் எழுதியவர்களின் எண்ணத்தில் இல்லறத்தின் மறைபொருள் இருந்த அளவிற்குக் குழந்தையின் துன்பம் இல்லை என்பது தெளிவு. மலேசியச் சட்டத்தின் 133ஏ பிரிவோ, உறுதிமொழி எடுக்கும் அளவிற்கு முதிராத குழந்தையின் சாட்சியம் வேறு சான்றால் வலுப்பெற்றாலன்றி எவரையும் தண்டிக்க இயலாது என்று வகுத்தது. திரைமறைவிலும் காணொளித் தொடர்பிலும் குழந்தை சாட்சியளிக்க 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டம் வழி செய்தது.

தீர்ப்பை உயர்த்திய மேல்முறையீடு

மேல்முறையீடு பெற்றோர்க்கு எதிராக அமைந்த ஒரு வழக்கைச் சிங்கப்பூரில் காண்போம். 2016 அக்டோபரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோரால் பல நாள் வதைக்கப்பட்டு, வெவ்வேறு நாள்களில் கொதிநீர் ஊற்றப்பட்டு மாண்டான். காயங்களை இங்கு விரித்துரைப்பது தேவையற்றது. சட்டத்தின் வினா ஒன்றே: காயங்கள் ஒரே வேளையில் விளையவில்லை. சாவு அவற்றின் கூட்டுத்தொகையால் வந்தது. அவ்வாறாயின் கொலைக்குரிய நோக்கத்தை எதில் காண்பது?

தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவின் மூன்றாம் கூறு, இயற்கையான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமான காயத்தை நோக்கத்துடன் ஏற்படுத்துவது கொலை என்கிறது. இதற்கு விளக்கம் தந்தது இந்திய உச்சநீதிமன்றம். 1958இல் விர்சா சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ், காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் போதும், அது சாவை விளைவிக்கப் போதுமானதா என்பதைக் குற்றவாளியின் எண்ணத்தைக் கொண்டன்றிப் புறநிலையில் முடிவு செய்ய வேண்டும் என்று வகுத்தார். அவ்வழக்கு ஒரேயொரு ஈட்டிக் குத்தைப் பற்றியது. அந்நெறியே சிங்கப்பூரிலும் வழங்குகிறது. ஒற்றைக் குத்திற்கு வகுத்த நெறியை, நாள்கணக்கில் தொடர்ந்த வதைக்கு எவ்வாறு பொருத்துவது என்பதே புதிய சிக்கலாயிற்று.

உயர்நீதிமன்ற நீதிபதி வேலரி தீன், கொலைக்குரிய நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கண்டு, கொடுங்காயம் விளைவித்த குற்றத்திற்குத் தாய் தந்தை இருவர்க்கும் 2020 ஜூலையில் 27 ஆண்டுச் சிறை விதித்தார். தந்தைக்கு 24 பிரம்படியும் தாய்க்குப் பிரம்படிக்கு மாற்றாகக் கூடுதலாக ஓராண்டுச் சிறையும் அதில் அடங்கும். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2022 ஜூலையில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு தாயைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்த்தது. தந்தையின் தண்டனையை ஆயுள்சிறையாக உயர்த்தியது. அக்டோபரில் தாய்க்கும் ஆயுள்சிறை விதிக்கப்பட்டது.

இத்தீர்ப்பில் நாம் காண வேண்டியது தண்டனையின் கடுமையை மட்டுமன்று. விசாரணை நீதிபதி மனம் இளகிக் குறைத்தார் என்றோ, மேல் நீதிமன்றம் சினந்து கூட்டியது என்றோ கூறுவது பிழை. விசாரணை நீதிபதி ஐயத்தின் பயனைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு அளிக்கும் கடமையைச் செய்தார். மேல் நீதிமன்றம் சட்டச் சொல்லின் பொருளை நிலைநாட்டும் கடமையைச் செய்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த சொற்றொடர் ஒன்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின் ஒரு குழந்தையின் இறப்பிற்கு எந்தப் பெயரிடுவது என்பதை முடிவு செய்தது.

தீர்ப்பை மாற்றிய மேல்முறையீடு

இதன் மறுபக்கத்தையும் காணுதல் நேர்மையாகும். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் வழக்கறிஞரின் இரு குழந்தைகள் 1996இலும் 1998இலும் இறந்தனர். 1999இல் தாய் கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஒரு வளமான குடும்பத்தில் இருமுறை இயற்கையாகக் குழந்தை திடீரென இறக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்று குழந்தை மருத்துவர் ராய் மெடோ சான்றளித்திருந்தார். ஒரு குழந்தைக்குரிய வாய்ப்பை 8,543இல் ஒன்று எனக் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி வந்த எண் அது. ஒரே குடும்பத்தில் பிறந்த இருவர்க்கும் பொதுவான மரபுக்கூறோ சூழலோ இருக்கலாம் என்பதை அக்கணக்கு கருதவில்லை. இரட்டைக் கொலையும் அரிதே என்பதையும் அது மறந்தது.

2000இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. 2001இல் அரச புள்ளியியல் கழகம் அவ்வெண்ணைக் கண்டித்து அறிக்கை விடுத்தது. இரண்டாம் குழந்தையின் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகளை உடற்கூறாய்வு மருத்துவர் வெளிப்படுத்தாதிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. 2003 ஜனவரியில் தீர்ப்பு நீக்கப்பட்டது. நான்காண்டுகளுக்குப்பின், 2007இல், அத்தாய் இறந்தார். 2003இலேயே மற்றொரு தாயான ஏஞ்சலா கேனிங்ஸின் தீர்ப்பும் நீக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நான்கு குழந்தைகளின் இறப்பிற்காக 2003இல் தண்டிக்கப்பட்ட கேத்லீன் ஃபோல்பிக், மரபணு ஆய்வு எழுப்பிய ஐயத்தால் 2023 ஜூனில் மன்னிப்புப் பெற்றார். டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே நீக்கியது. சிறையில் கழிந்த இருபதாண்டுகளை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது.

இவ்வழக்குகளைச் சிங்கப்பூர் வழக்கோடு இணைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. குழந்தை துன்புற்றது என்பதும், இன்னார் துன்புறுத்தினார் என்பதும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவிற்கான விடையில் எழும் சினம் இரண்டாம் வினாவிற்குச் சான்றாகாது. கெம்ப் தந்த அறிவு ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காத்தது. அதே வகை அறிவு அளவு கடந்து நம்பப்பட்டபோது குற்றமற்ற தாயைச் சிறையிலிட்டது. இவ்விரு விளைவையும் நினைவில் நிறுத்துவதற்காகவே மேல்முறையீடு இருக்கிறது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற பெற்றோர்க்கு அவ்வாயில் அடைபட்டிருந்தால் நீதி பாதியாகிவிடும். மலேசியாவில் 1970இல் தோன்றிய சட்ட உதவிப் பணியகமும் 2011இல் அமைந்த தேசியச் சட்ட உதவி அறவாரியமும் இதனால் முக்கியமடைகின்றன.

ஆசிரியரின் சான்று

2001ஆம் ஆண்டுச் சட்டம் தன் 27, 28, 29ஆம் பிரிவுகளில், ஐயம் எழுந்தால் தெரிவிக்கக் கடமைப்பட்டோர் என மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகிய மூவரைக் குறித்தது. ஆசிரியர் என்னும் சொல் அங்கில்லை. பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எவராயினும் தெரிவிக்க வேண்டும் என்று வட்டத்தை விரித்தது. பெயர் குறிக்கப்படவில்லை என்பதால் கடமை இல்லை என்று ஆசிரியர் கருதுதல் ஆகாது.

தஞ்சோங் மாலிம் மௌனத்தின் விலையை ஒருமுறை அறிந்த ஊர். 1952 மார்ச் 25இல் ஊர்ப்புறத்தில் நிகழ்ந்த பதுங்கித் தாக்குதலில் பன்னிருவர் மாண்டபின், ஜெனரல் டெம்ப்ளர் நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். அறிந்ததைப் பெயரிடாமல் எழுதித்தருமாறு வீடுதோறும் தாள் வழங்கினார். அச்சுறுத்திப் பெறும் சொல் அத்தகையது. சிறார் பாதுகாப்பில் வேண்டப்படுவது அச்சொல் அன்று. தானே முன்வந்து, பெயரிட்டு, பொறுப்பேற்றுச் சொல்லும் சொல். கிள்ளிவளவன் மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடத் துணிந்தபோது, கோவூர்கிழார் இடைபுகுந்து பேசி அவர்களைக் காத்த செய்தியைப் புறநானூற்றின் 46ஆம் பாடல் தருகிறது. அதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அச்சிறுவர்க்கு வாய்த்தது போன்ற ஒரு குரல் நம் வகுப்பிலுள்ள பிள்ளைக்கும் வாய்க்க வேண்டும்.

அவ்வாறு சொல்லும்போது ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய நெறியை மேற்கண்ட வழக்குகளே கற்பிக்கின்றன. கண்ட நாள், நேரம், காயத்தின் இடம், பிள்ளை சொன்ன சொற்கள் ஆகியவற்றை உள்ளவாறே அன்றே எழுதிவைத்தல் வேண்டும். விடையை உள்ளடக்கிய வினாவைப் பிள்ளையிடம் கேட்டல் கூடாது. யார் செய்தார் என்பதைத் தாமே முடிவு செய்யாமல் சமூகநல அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். பல ஆண்டுகளுக்குப்பின் மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிக்கப்போவது அப்பதிவையே. ஊகம் கலந்த பதிவு குற்றவாளியைத் தப்பவிடலாம். குற்றமற்றவரைச் சிக்கவைக்கவும் கூடும்.

முடிவுரை

பெற்றோர் பிள்ளைக்கு உடைமையாளர் என்னும் நிலையிலிருந்து பொறுப்பாளர் என்னும் நிலைக்குச் சட்டம் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1860இல் வகுத்த வரம்பை 1962ஆம் ஆண்டின் மருத்துவ அறிவும், 1990இல் மாண்ட ஒரு குழந்தையும், 2001, 2016ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் படிப்படியாகக் குழந்தையின் பக்கம் நகர்த்தின. அந்நகர்வின் ஒவ்வோர் அடியிலும் மேல்முறையீடு இரு பக்கமும் காவல் நின்றது. பெற்றோர் என்பதற்காகக் குற்றம் சிறுத்துவிடாமலும், குழந்தை என்பதற்காகச் சான்று தேவையற்றதாகிவிடாமலும் அது பார்த்துக்கொண்டது.

மேல்முறையீடு திருத்துவது தீர்ப்பையே. குழந்தையின் வாழ்வைத் திருத்தும் காலம் அதற்கு நெடுநாள் முன்பே வந்து போகிறது. அக்காலம் பெரும்பாலும் ஒரு காலை வகுப்பில், வருகைப் பதிவேடு எடுக்கும் வேளையில் வருகிறது. மேலாடையின் கையை இழுத்து மறைக்கும் பிள்ளையை அப்போது ஏறிட்டுப் பார்க்கும் ஆசிரியரை உருவாக்குவது நம் கல்வித்துறைகளின் கடமை.